தொழிலாளர் சட்டப் பேராசிரியர் பணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்எல்.பி. முடித்துவிட்டுத் தொழிலாளர் சட்டம் கற்பிக்க நினைப்பவர்கள், தொழிலாளர் நீதிமன்றத்தில் சில ஆண்டுகள் வழக்காடிவிட்டு வகுப்பறைக்கு வர விரும்பும் வழக்கறிஞர்கள், ஏற்கெனவே உதவிப் பேராசிரியராக இருந்து அடுத்த படிக்குக் கணக்குப் போடுபவர்கள் ஆகிய மூன்று வகையினருக்காகவும் இந்தத் தொகுப்பு. விதிகள் பெரும்பாலும் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 ஒழுங்குமுறையைச் சார்ந்தவை. 2025 ஜனவரியில் அதற்கு மாற்றாக ஒரு வரைவு வெளியானது, தமிழ்நாடு சட்டமன்றம் அதை எதிர்த்துத் தீர்மானமும் போட்டது. ஆகவே விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்த அறிவிக்கை எந்த ஒழுங்குமுறையைக் குறிப்பிடுகிறது என்பதை முதலில் பாருங்கள்.

தொழிலாளர் சட்டத்துக்கென்று ஆசிரியர் தேவை உண்மையில் இருக்கிறதா?

இருக்கிறது. இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகள், எல்எல்.பி. படிப்பின் கட்டாயப் பாடங்களில் தொழிலாளர் சட்டத்துக்கு இரண்டு தாள்களை ஒதுக்குகின்றன. மூன்றாண்டுப் படிப்பானாலும் ஐந்தாண்டுப் படிப்பானாலும் இந்த இரண்டு தாளைத் தொடாமல் யாரும் பட்டம் வாங்க முடியாது. அதனால் எந்தச் சட்டக் கல்லூரியிலும் இந்தப் பாடத்தை யாராவது எடுத்தாக வேண்டும்.

சிக்கல் அந்த ‘யாராவது’ என்பதில்தான். பல தனியார் கல்லூரிகளில் குற்றவியல் படித்தவரிடமோ ஒப்பந்தச் சட்டம் எடுப்பவரிடமோ இந்தத் தாளையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். பணியிடத்துக்குப் பாடப் பெயர் போட்டு ஆள் எடுப்பது அரசு சட்டக் கல்லூரிகளிலும் சில பல்கலைக்கழகத் துறைகளிலும்தான் அதிகம். சட்டத் துறைக்கு வெளியேயும் வாய்ப்பு உண்டு: சமூகப்பணி, மனிதவள மேலாண்மை, தொழிலாளர் மேலாண்மைப் படிப்புகள், சென்னையில் உள்ள தமிழ்நாடு இன்ஸ்டிடியூட் ஆஃப் லேபர் ஸ்டடீஸ், 1974-இல் தொடங்கி இப்போது நொய்டாவில் இயங்கும் வி.வி. கிரி தேசியத் தொழிலாளர் நிறுவனம் போன்றவை. அங்கே தகுதி விதி வேறு. அதைக் கீழே நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வு பற்றிய பதிலில் காண்க.

எல்எல்.எம்.மில் எந்தப் பிரிவை எடுக்க வேண்டும்?

தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் ‘தொழிலாளர் சட்டமும் நிர்வாகச் சட்டமும்’ என்று ஒரே பிரிவாக எல்எல்.எம். இருக்கிறது. இந்த இணைப்பு தற்செயலானதல்ல. சமரச அதிகாரி, தொழிற்சாலை ஆய்வாளர், வருங்கால வைப்புநிதி ஆணையர் என்று தொழிலாளர் சட்டம் முழுக்க நிர்வாக அதிகாரிகள் நிற்கிறார்கள். நீதிப்பேராணை (ரிட்) தெரியாமல் இந்தப் பாடத்தை முழுதாக எடுக்க முடியாது.

வேறு பிரிவில் எல்எல்.எம். முடித்தவர்களுக்குக் கதவு அடைபடவில்லை. யுஜிசி விதி முதுநிலைப் பட்டத்தில் 55 விழுக்காடு கேட்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், கிரீமிலேயர் அல்லாத இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகளுக்கு 5 விழுக்காடு தளர்வு. ஆனால் அறிவிக்கையில் ‘தொழிலாளர் சட்டம்’ என்று பாடம் குறித்திருந்தால், வணிகச் சட்டப் பிரிவுச் சான்றிதழோடு போகிறவர் சான்றிதழ் சரிபார்ப்பில் திரும்பி வர நேரிடும். முடிவெடுப்பதற்கு முன் பழைய அறிவிக்கைகள் நான்கைந்தை எடுத்து, பணியிடப் பட்டியலில் பாடப் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள்.

நெட் தேர்வில் தொழிலாளர் சட்டம் எவ்வளவு வரும்?

அநேகமாக வராது. பலருக்கும் இதைக் கேட்டதும் தூக்கிவாரிப்போடும்.

சட்டப் பாடத்தின் குறியீட்டு எண் 58. அதன் பாடத்திட்டத்தில் பத்து அலகுகள்: சட்டவியல், அரசமைப்பும் நிர்வாகச் சட்டமும், பன்னாட்டுச் சட்டம், குற்றங்கள், தீங்கியலும் நுகர்வோர் பாதுகாப்பும், வணிகச் சட்டம், குடும்பச் சட்டம், சுற்றுச்சூழலும் மனித உரிமையும், அறிவுசார் சொத்துரிமையும் தகவல் தொழில்நுட்பமும், ஒப்பீட்டுப் பொதுச் சட்டம். தொழிலாளர் சட்டத்துக்குத் தனி அலகு இல்லை. எல்எல்.பி.யில் இரண்டு கட்டாயத் தாள் உள்ள ஒரு துறைக்கு, அதைக் கற்பிப்பவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வில் இடமில்லை என்பது விசித்திரம்தான். ஆனால் நிலைமை அதுதான். எனவே எல்எல்.எம்.மில் படித்ததை நம்பி நெட்டுக்குப் போகாதீர்கள். நெட்டுக்கென்று ஆறு மாதம் தனியாகப் படிக்க வேண்டும்.

இன்னொரு பாடம் இருக்கிறது, குறியீட்டு எண் 55: தொழிலாளர் நலன், பணியாளர் மேலாண்மை, தொழில் உறவுகள், மனிதவள மேலாண்மை எல்லாம் சேர்ந்தது. அதில் தொழிலாளர் சட்டக் கேள்விகள் கணிசமாக வரும். அதைத் தேர்ச்சி பெற்றுவிட்டுச் சட்டக் கல்லூரிப் பணியிடத்துக்கு விண்ணப்பிப்பவர்கள் உண்டு, நிராகரிக்கப்படுவதும் உண்டு. உங்கள் முதுநிலைப் பட்டம் எந்தப் பாடமோ அந்தப் பாடத்தில்தான் நெட் எழுத வேண்டும். எல்எல்.எம். என்றால் 58. தொழிலாளர் மேலாண்மையில் எம்.ஏ. என்றால் 55. பின்னவர்களின் பணியிடம் சமூகப்பணி, மேலாண்மைத் துறைகளில்.

தேர்வு வடிவம்: முதல் தாள் 50 கேள்வி, 100 மதிப்பெண். இரண்டாம் தாள் 100 கேள்வி, 200 மதிப்பெண். இரண்டும் ஒரே அமர்வு, மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை என்பதால் எதையும் விடாமல் குறித்துவிட்டு வாருங்கள். இரண்டு தாளும் எழுதியவர்களில் 6 விழுக்காட்டினரை மட்டுமே உதவிப் பேராசிரியர் தகுதிக்கு எடுக்கிறார்கள். தேர்ச்சி பெற்றால் அந்தத் தகுதிக்கு ஆயுள் முழுக்கச் செல்லுபடி. மாநில அளவிலான செட் தேர்வும் தகுதிதான், ஆனால் அந்த மாநிலத்துக்குள் மட்டும்.

ஜேஆர்எஃப் (நெட் வழியாகக் கிடைக்கும் இளநிலை ஆய்வு உதவித்தொகை) வயது வரம்பைத் தாண்டிவிட்டேனா?

பொது வரம்பு 30. எல்எல்.எம். பட்டம் பெற்றவர்களுக்கு 3 ஆண்டு வரை தளர்வு உண்டு. சட்ட மாணவர்களில் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் 5 ஆண்டு தளர்வு. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு மட்டும் எழுதினால் வயது வரம்பே கிடையாது. ஜேஆர்எஃப் உதவித்தொகை முதல் இரண்டு ஆண்டு மாதம் ₹37,000, பிறகு ₹42,000. வீட்டு வாடகைப்படி தனி.

பிஎச்.டி. இல்லாமல் உதவிப் பேராசிரியர் ஆக முடியுமா?

விதிப்படி முடியும். 2023 ஜூலை 1 முதல் நெட் அல்லது செட் போதும், பிஎச்.டி. கட்டாயமில்லை. ஆனால் நேர்முகத்துக்கு யாரை அழைப்பது என்று வடிகட்டும் அட்டவணையைப் பாருங்கள். பல்கலைக்கழகங்களுக்கான பட்டியலில் பிஎச்.டி.க்கு 30 மதிப்பெண். ஜேஆர்எஃப்புடன் நெட் என்றால் 7, வெறும் நெட் என்றால் 5. ஆய்வுக் கட்டுரைக்குத் தலா 2, அதிகபட்சம் 10. ஆசிரியர் அனுபவத்துக்கு ஆண்டுக்கு 2, அதுவும் 10-க்கு மேல் போகாது. ஒரு பணியிடத்துக்கு நூறு பேர் விண்ணப்பிக்கும் இடத்தில், பிஎச்.டி. இல்லாதவர் அந்த 30-ஐ வேறு எதைக் கொண்டும் ஈடுகட்ட முடியாது. இந்த மதிப்பெண் அழைப்புக்கு மட்டும்தான். உள்ளே போன பிறகு தேர்வு முழுவதும் நேர்முகத்தைப் பொறுத்தது.

பிஎச்.டி.க்கு எவ்வளவு காலம் பிடிக்கும்?

யுஜிசியின் 2022 விதிப்படி குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டு. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மேலும் 2 ஆண்டு தளர்வு. பாடநெறி 12 கிரெடிட்டாவது முடிக்க வேண்டும், அதில் ஆய்வு நெறிமுறைத் தாள் கட்டாயம். நெறியாளர் பேராசிரியராக இருந்தால் ஒரே நேரத்தில் 8 பேர், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4. தொழிலாளர் சட்டத்தில் நெறியாளர்கள் குறைவு. ஆகவே முதலில் யாரிடம் இடம் காலியாகிறது என்று விசாரித்துவிட்டுப் பிறகு நுழைவுத் தேர்வுக்குப் போவது நல்லது. தலைப்பைக் கையில் வைத்துக்கொண்டு நெறியாளரைத் தேடி ஒரு வருடத்தைத் தொலைத்தவர்கள் அநேகம்.

ஆய்வுத் தலைப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

‘இந்தியாவில் தொழிலாளர் நலச் சட்டங்கள்: ஓர் ஆய்வு’ என்பது தலைப்பே அல்ல. அது ஒரு பாடநூலின் அட்டை. வாய்மொழித் தேர்வில் புறத் தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வி, ‘உங்கள் ஆய்வில் புதிதாக என்ன தெரிய வந்தது?’ என்பதுதான். அதற்கு ஒரே வாக்கியத்தில் பதில் சொல்ல முடிகிற அளவுக்குத் தலைப்பு குறுக வேண்டும்.

தமிழ்நாட்டிலேயே பொருள் கொட்டிக் கிடக்கிறது. நிரந்தரத் தகுதி வழங்கும் 1981 மாநிலச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சொல்லும் சட்டம் அது. அந்தக் கோரிக்கைகள் ஆய்வாளர் முன் எத்தனை மாதம் கிடக்கின்றன, உத்தரவு வந்த பிறகு எத்தனை வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போகிறது என்று யாராவது எண்ணிப் பார்த்தாலே ஒரு ஆய்வேடு. 1982 உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வந்த நல வாரியங்கள், 2021-இல் கடை ஊழியர்களுக்குக் கிடைத்த உட்காரும் உரிமை, 2023-இல் செயலி வழி வேலை செய்யும் கிக் தொழிலாளர்களுக்கு அமைத்த வாரியம், 2024-இல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் வேலைநிறுத்தத்தை ஒட்டி எழுந்த சங்கப் பதிவுச் சிக்கல் என்று ஒவ்வொன்றும் தனித் தலைப்பாகும். வரலாறு பிடித்தவர்களுக்கு 1918-இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கமும், பக்கிங்காம் கர்னாட்டிக் ஆலை நிர்வாகம் அந்தச் சங்கத் தலைவர் பி.பி. வாடியா மேல் போட்ட வழக்கும், அதிலிருந்து 1926 தொழிற்சங்கச் சட்டம் வரை நீளும் பாதையும் இருக்கின்றன. ஒப்பீடு செய்ய விரும்பினால் இலங்கையின் 1950 ஆம் ஆண்டு 43 ஆம் இலக்கத் தொழில் பிணக்குச் சட்டத்தைப் பாருங்கள். மலையகத் தோட்டங்களையும் நம் நீலகிரி, வால்பாறைத் தோட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க நல்ல இடம் அது.

தரவு எங்கே கிடைக்கும்? எங்கே பிசகும்?

தீர்ப்பிதழ்களில் வருவது பனிமலையின் நுனி அளவுகூட இல்லை. எல்.எல்.ஜே., எல்.எல்.என். இதழ்களில் உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இருக்கும். தொழிலாளர் நீதிமன்றத்தோடு முடிந்துபோன ஆயிரக்கணக்கான வழக்குகள் அங்கே வராது. மத்தியத் தொழில் தீர்ப்பாயங்களின் தீர்ப்புகள் இந்திய அரசிதழின் பகுதி 2, பிரிவு 3, உட்பிரிவு 2-இல் அச்சாகின்றன, மின்னரசிதழ்த் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வங்கி, துறைமுகம், ரயில்வே, நெய்வேலி நிறுவனம் தொடர்பான சென்னைத் தீர்ப்பாயத் தீர்ப்புகளை அங்கிருந்து எடுக்கலாம்.

எடுத்தவுடன் படித்துக் குறிப்பு எழுதாதீர்கள். முதலில் ஒரு அட்டவணை போடுங்கள். பிணக்கு எழுந்த நாள், சமரச முறிவு அறிக்கை நாள், தீர்ப்பாயத்துக்கு வந்த நாள், தீர்ப்பு நாள், வேலைநீக்கத்துக்குச் சொன்ன காரணம், உள் விசாரணை செல்லுமா செல்லாதா, மீண்டும் வேலையா இழப்பீடா, பின்சம்பளம் எத்தனை விழுக்காடு என்று எட்டு நிரல் போதும். 200 தீர்ப்பை இப்படிப் பிரித்தால், எந்த வழக்கு எங்கே தேங்குகிறது என்பது தானே தெரியும். நீங்கள் தேடிப்போன கேள்வியைவிட அந்தத் தேக்கம் பெரிய செய்தியாகவும் இருக்கலாம்.

நேர்காணலில்தான் அதிகம் பிசகுகிறது. மனிதவள அலுவலரிடம் அனுமதி கேட்டு, அவர் காட்டும் அறையில், அவர் அனுப்பும் இருபது தொழிலாளர்களிடம் வினாத்தாள் நிரப்பி வாங்கினால் எல்லோரும் ‘திருப்தி’ என்றுதான் டிக் அடிப்பார்கள். வாசலுக்கு வெளியே டீக்கடையிலோ, ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டிலோ, சங்க அலுவலகத்திலோ பேசுங்கள். ஒப்புதலைத் தெளிவாகக் கேட்டுப் பெறுங்கள். பெயர், டோக்கன் எண், இஎஸ்ஐ எண் எதுவும் ஆய்வேட்டில் வரக்கூடாது. எந்தப் பிரிவு, எந்த ஷிஃப்ட் என்று எழுதினாலே ஆளை அடையாளம் கண்டுபிடித்துவிடும் சிறிய ஆலைகள் உண்டு. உங்களுக்குப் பட்டம் கிடைத்த கையோடு அவருக்கு இடமாற்றம் வந்துவிடக் கூடாது.

ஒத்த வரிச் சோதனையையும் (பிறர் எழுத்தை எடுத்தாண்ட அளவைப் பார்க்கும் சோதனை) மறக்காதீர்கள். 10 விழுக்காடு வரை பிரச்சினையில்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை ஓர் ஆண்டுத் தடை. அதற்கு மேல் பதிவே ரத்து. சட்டப் பிரிவுகளைப் பக்கம் பக்கமாக எடுத்து ஒட்டுவதுதான் சட்ட ஆய்வேடுகளில் இந்த எண் ஏறுவதற்கு முதல் காரணம். பிரிவை உங்கள் சொல்லில் சுருக்கி, முழு வாசகத்தைப் பின்னிணைப்பில் வையுங்கள்.

அரசு சட்டக் கல்லூரிக்கு எப்படிப் போவது?

தமிழ்நாட்டில் ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிக்கை வெளியிடும். ஒரு அறிவிக்கைக்கும் அடுத்ததற்கும் இடையில் பல ஆண்டுகள் ஓடிவிடலாம் என்பதால், சான்றிதழ்களை முன்கூட்டியே அடுக்கி வைத்திருப்பது முக்கியம். தடுமாறுபவர்கள் பெரும்பாலும் மூன்று இடத்தில் தடுமாறுகிறார்கள்: அனுபவச் சான்றில் பதவிப் பெயரும் தேதிகளும் விடுபட்டிருக்கும்; வெளி மாநிலப் பட்டத்துக்கு இணைத்தன்மைச் சான்று இருக்காது; தமிழ்த் தகுதித் தாளை அலட்சியமாக எழுதியிருப்பார்கள். அந்தத் தாளில் 40 விழுக்காடு வாங்காவிட்டால் பாடத் தாளைத் திருத்துவதே இல்லை.

கௌரவ விரிவுரையாளராக வேலை பார்த்த ஆண்டுகள் அனுபவமாகக் கணக்கில் வருமா?

அழைப்புப் பட்டியல் மதிப்பெண்ணுக்கு வரலாம். ஆனால் இணைப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் கணக்கிடும்போது யுஜிசி நிபந்தனை கடுமையானது. தற்காலிக, ஒப்பந்தப் பணி கணக்கில் வர வேண்டுமென்றால், நிரந்தரப் பணிக்குரிய அதே தகுதியோடு சேர்ந்திருக்க வேண்டும், முறையான தேர்வுக் குழு பரிந்துரைத்திருக்க வேண்டும், நிரந்தர உதவிப் பேராசிரியரின் மொத்தச் சம்பளத்துக்குக் குறையாமல் வாங்கியிருக்க வேண்டும். இந்த மூன்றாவது நிபந்தனையில்தான் எல்லோரும் விழுகிறார்கள். வகுப்புக்கு ₹1,500, மாதம் அதிகபட்சம் ₹50,000 என்பது யுஜிசியே கௌரவ ஆசிரியர்களுக்குச் சொன்ன உச்சவரம்பு. பல கல்லூரிகள் அதில் பாதியைக்கூடத் தருவதில்லை. சம்பளத்தைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, சம்பளம் குறைவு என்பதையே காரணம் காட்டி அனுபவத்தை மறுப்பது! தொழிலாளர் சட்ட வகுப்பில் எடுத்துக்காட்டாகச் சொல்லத் தகுந்த ஏற்பாடு.

விடுப்பு எடுத்துக்கொண்டு முழுநேரமாக பிஎச்.டி. செய்த காலமும் ஆசிரியர் அனுபவம் ஆகாது. விடுப்பு எடுக்காமல், வகுப்பும் எடுத்துக்கொண்டு ஆய்வு செய்திருந்தால் ஆகும்.

சம்பளமும் பதவி உயர்வும் எப்படி நகரும்?

உதவிப் பேராசிரியர் நிலை 10-இல் சேர்வார், தொடக்க அடிப்படைச் சம்பளம் ₹57,700. பிஎச்.டி. இருந்தால் 4 ஆண்டில் நிலை 11-க்குப் போகலாம். எல்எல்.எம். தொழிற்கல்வி முதுநிலைப் பட்டமாகக் கணக்கிடப்படுவதால், பிஎச்.டி. இல்லாத சட்ட ஆசிரியருக்கு 5 ஆண்டு. சாதாரண முதுநிலைப் பட்டம் உள்ளவர்களுக்கு 6. சட்ட ஆசிரியருக்குள்ள இந்த ஓராண்டுச் சலுகையைப் பல கல்லூரி அலுவலகங்கள் கவனிக்காமல் 6 என்று குறித்துவிடுகின்றன. கோப்பு நகரும்போது நீங்களே விதியை எடுத்துக் காட்டுங்கள்.

நிலை 11-இன் தொடக்கம் ₹68,900. அங்கே 5 ஆண்டு முடித்தால் நிலை 12, ₹79,800. இந்தப் படியிலிருந்து பிஎச்.டி. இல்லாமல் நகர முடியாது. பிறகு 3 ஆண்டில் இணைப் பேராசிரியர், நிலை 13ஏ, ₹1,31,400. இன்னும் 3 ஆண்டில் பேராசிரியர், நிலை 14, ₹1,44,200. ஆக, பிஎச்.டி.யோடு சேர்பவர் எங்கும் தடங்கல் இல்லாவிட்டால் 15 ஆண்டில் பேராசிரியர் ஆகலாம். நடைமுறையில் தேர்வுக் குழு கூடுவதற்கே ஆண்டுகள் ஓடும். தகுதி பெற்ற நாளிலிருந்து முன்தேதியிட்டுக் கிடைப்பதற்கு, விண்ணப்பத்தை அந்த நாளுக்கு முன்னாலேயே கொடுத்து முத்திரையோடு நகல் வாங்கி வையுங்கள். மூத்த பேராசிரியர் என்று ஒரு படி மேலே உண்டு, நிலை 15, ₹1,82,200. பேராசிரியராகப் பத்தாண்டு வேண்டும். பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பணியிடங்களில் 10 விழுக்காட்டுக்கு மேல் இருக்காது.

பேராசிரியராக நேரடியாக விண்ணப்பிக்க பிஎச்.டி., 10 ஆண்டு அனுபவம், 10 ஆய்வுக் கட்டுரை, 120 ஆய்வு மதிப்பெண் வேண்டும். இணைப் பேராசிரியருக்கு 8 ஆண்டு, 7 கட்டுரை, 75 மதிப்பெண்.

அந்த 120 மதிப்பெண் எப்படி வரும்?

சட்டத்தை மொழி, கலை, சமூக அறிவியல் வரிசையில் வைத்துக் கணக்கிட்டால், சக ஆய்வாளர் மதிப்பீடு பெற்ற இதழில் ஒரு கட்டுரைக்கு 10. இந்தியப் பதிப்பாளர் வெளியிட்ட நூலுக்கு 10, பன்னாட்டுப் பதிப்பாளர் என்றால் 12. தொகுப்பு நூலில் ஓர் இயலுக்கு 5. உங்கள் நெறியாள்கையில் பிஎச்.டி. பெற்ற ஒவ்வொருவருக்கும் 10. தனியாக எழுதிய பத்துக் கட்டுரை 100, ஒரு நூல் 10, நெறியாள்கையில் ஒரு பிஎச்.டி. 10 என்றால் 120. அதே பத்துக் கட்டுரையையும் இன்னொருவரோடு சேர்ந்து எழுதியிருந்தால் ஆளுக்கு 70 விழுக்காடுதான், அதாவது 70. நண்பர்கள் பேரை மாற்றி மாற்றிச் சேர்த்துக்கொள்வதில் லாபமில்லை.

தரமான ஆய்விதழ்கள் எவை என்று சொல்லிவந்த யுஜிசி-கேர் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. இதழின் தரத்தை முடிவு செய்வது இப்போது கல்வி நிறுவனத்தின் பொறுப்பு. அந்தப் பட்டியல் இருந்த காலத்தில் வெளியான கட்டுரைகளுக்கு, அந்தத் தேதியில் இதழ் பட்டியலில் இருந்ததற்கான பக்கத்தை அச்செடுத்துப் பாதுகாத்து வையுங்கள். பத்து நாளில் அச்சு, கட்டணம் ₹2,000 என்று வாட்ஸப்பில் வரும் அழைப்புகளை ஒதுக்குங்கள். நேர்முகத்தில் அந்த இதழ்களின் பெயரைப் பார்த்ததும் குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

கற்பித்துக்கொண்டே வழக்காடலாமா?

முழுநேரச் சம்பள ஆசிரியராக இருந்துகொண்டு முடியாது. சேர்ந்ததும் பார் கவுன்சிலில் வழக்காடும் உரிமத்தை நிறுத்தி வைக்க வேண்டும். 2002-இல் டெல்லி உயர் நீதிமன்றமும் முழுநேரச் சட்ட ஆசிரியர்கள் விஷயத்தில் இதையே உறுதி செய்தது. மறுபக்கத்திலிருந்து வழி இருக்கிறது. வழக்கறிஞர் ஒருவர் நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேற்படாமல் சட்டம் கற்பிக்கலாம் என்று 1979 விதிகள் அனுமதிக்கின்றன. தொழிலாளர் நீதிமன்ற வழக்கறிஞர்கள் பகுதிநேர விரிவுரையாளராக வருவது இந்த வழியில்தான்.

உள் விசாரணை அதிகாரியாக இருப்பது, பாலியல் துன்புறுத்தல் தடுப்புக் குழுவில் வெளி உறுப்பினராக இருப்பது, நிறுவனப் பயிற்சி வகுப்பு எடுப்பது ஆகியவற்றை நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு செய்யலாம். எந்த ஆலையைப் பற்றி ஆய்வு செய்கிறீர்களோ அந்த ஆலையில் விசாரணை அதிகாரியாக உட்காராதீர்கள்.

2025 நவம்பர் 21-க்குப் பிறகு பழைய சட்டங்களைக் கற்பிப்பதில் பொருள் உண்டா?

அன்றைக்கு நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன, 29 மத்தியச் சட்டங்கள் அவற்றுக்குள் அடங்கின. வகுப்பில் இப்போது செய்யத் தகுந்தது பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டு நடத்துவது.

ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் அரசு அனுமதி தேவைப்பட்ட வரம்பு 100 தொழிலாளர், இப்போது 300. வேலைநிறுத்த அறிவிப்பு முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் கட்டாயம், இப்போது எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும், 14 நாள் இடைவெளியோடு. 51 விழுக்காடு ஆதரவுள்ள சங்கம் பேச்சுவார்த்தைச் சங்கம். தனிநபர் வேலைநீக்கப் பிணக்கை எழுப்பும் காலம் மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகச் சுருங்கியது. குறித்த காலப் பணியாளருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை. வீட்டு வாடகைப்படி போன்ற படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால் மிகையானது ஊதியத்தில் சேரும், அதனால் பணிக்கொடைக் கணக்கு மாறும்.

பழையதை விடவும் முடியாது. முன்பு எழுந்த பிணக்குகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. சமரச அதிகாரி முன் போடும் 12(3) ஒப்பந்தம், நேரடியாகப் போடும் 18(1) ஒப்பந்தம் என்று பழைய சட்டத்தின் பிரிவு எண்ணாலேயே சங்கத்தாரும் நிர்வாகத்தாரும் இன்றும் பேசுகிறார்கள். ‘தொழில்’ என்பதற்கு 1978 பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் சொன்ன பொருளைப் படிக்காமல் புதிய வரையறை எதை வெட்டியது என்று புரியாது. மாநிலச் சட்டங்களான 1981 நிரந்தரத் தகுதிச் சட்டம் போன்றவை தனியாக நிற்கின்றன. பிரிவு எண்களை மனப்பாடம் செய்ய வைக்கும் ஆசிரியருக்குத்தான் இந்த மாற்றம் பெரும் இடி. கோட்பாடுகளை நடத்தியவருக்குக் குறிப்பேட்டில் எண்களை மாற்றினால் பாதி வேலை முடிந்தது.

வகுப்பில் எதைச் செய்ய வைத்தால் மாணவருக்குப் பிடிபடும்?

ஒரு வருகைப் பதிவேட்டைக் கொடுத்து நாள் எண்ணச் சொல்லுங்கள். 12 மாதத்தில் 240 நாள் இந்தத் தொழிலாளி முடித்தாரா? பெரும்பாலான மாணவர்கள் ‘வந்தார்’ என்று குறித்த நாட்களை மட்டும் கூட்டி 212 என்று எழுதுவார்கள். சம்பளத்தோடு கூடிய ஞாயிறுகளையும் விடுமுறைகளையும் சேர்க்க வேண்டும் என்று 1985-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை அப்போது சொன்னால் மறக்கவே மாட்டார்கள்.

அடுத்தது குற்றச்சாட்டுக் குறிப்பாணை எழுதுவது. ‘ஒழுங்கீனமாக நடந்துகொண்டீர்கள்’ என்று ஒரே வரியில் முடிப்பார்கள். தேதி, நேரம், இடம், யார் முன்னிலையில், நிலையாணையின் (ஆலையின் பணி விதிகளின்) எந்தப் பிரிவு என்பவை இல்லாத குறிப்பாணையை அடுத்த வகுப்பில் எதிர்த்தரப்பு மாணவர் கிழித்துப் போட விடுங்கள். மூன்றாவது, சமரசப் பேச்சு. ஆளுக்கொரு ரகசியக் குறிப்பு கொடுத்து, சங்கம், நிர்வாகம், சமரச அதிகாரி என்று பிரித்து, ஒரு மணி நேரத்தில் ஒப்பந்தம் எழுதி வரச் சொல்லுங்கள். வாதத்தில் வெல்பவர்கள் ஒப்பந்த வாசகத்தில் கோட்டை விடுவதை அங்கே பார்க்கலாம்.

வாரத்துக்கு உதவிப் பேராசிரியருக்கு 16 மணி நேரமும் இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி நேரமும் வகுப்பு என்பது விதி. இந்தப் பயிற்சிகளை அதற்குள் அடக்க முடியும், இரண்டு தாளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் செய்தால்.

தமிழில் எழுதினால் மதிப்பு உண்டா?

சக மதிப்பீட்டு இதழில் வந்தால் ஆய்வு மதிப்பெண் மொழி பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட தமிழ்ச் சட்ட இதழ்கள் அரிது என்பதுதான் சிக்கல். ஆட்குறைப்பு, கதவடைப்பு, நிலையாணை, பணிக்கொடை, ஊதிய ஒப்பந்தம் என்று சொற்கள் சங்க மேடையில் நூறாண்டாகப் புழங்கித் தேய்ந்து பழகியவை. வகுப்பில் அவற்றைப் பயன்படுத்துங்கள். கலைச்சொல் அகராதியிலிருந்து எடுத்த சொல்லைவிட தொழிலாளி வாயில் வரும் சொல் மாணவர்களுக்குப் பின்னாளில் குறுக்கு விசாரணையில் உதவும்.

ஓய்வு வயது என்ன?

மத்தியப் பல்கலைக்கழகங்களில் 65. தமிழ்நாடு அரசுப் பணியில் 60.

கடைசியாக ஒன்று: தொழிலாளர் சட்டப் பேராசிரியர் சட்டப்படி தொழிலாளியா?

இல்லை. 1988-இல் சுந்தராம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆசிரியர் ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் வரமாட்டார் என்று முடிவு செய்தது. கற்பித்தல் உடலுழைப்போ எழுத்தர் வேலையோ தொழில்நுட்ப வேலையோ அல்ல என்பது காரணம். அதனால் தனியார் கல்லூரி உங்களை வெளியே அனுப்பினால், வகுப்பில் நீங்கள் நடத்திய சமரச அதிகாரி, தொழிலாளர் நீதிமன்றம் எதுவும் உங்களுக்குக் கிடையாது. தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம், பல்கலைக்கழக விதிகள், உயர் நீதிமன்றம் என்றுதான் போக வேண்டும். பணிக்கொடையிலும் 2004-இல் ஆசிரியர்கள் விலக்கப்பட்டார்கள். நாடாளுமன்றம் 2009-இல் திருத்தம் கொண்டுவந்து 1997 ஏப்ரல் 3-லிருந்து முன்தேதியிட்டுச் சேர்த்தது, அந்தத் திருத்தம் செல்லும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனவே தனியார் கல்லூரியில் ஐந்தாண்டு முடித்து விலகுபவர்கள் பணிக்கொடையைக் கேட்டு வாங்கலாம். ‘ஆசிரியருக்குக் கிடையாது’ என்று இன்றும் சொல்லும் நிர்வாகங்கள் உண்டு. அதற்குரிய அதிகாரியிடம் மனு கொடுத்தால் வட்டியோடு வரும்.